முட்டை முதிரும் மாதங்கள்: பெண் ஹார்மோன்களும் சினைப்பைப் புற்றுநோயும்

நாமக்கல் பண்ணைகளில் வளரும் முட்டைக்கோழி ஓராண்டில் முந்நூறு முட்டை வரை இடும். ஒன்றரை வயதை ஒட்டி அதைக் கழித்துவிடுவார்கள். கழிக்காமல் மூன்று, நான்கு ஆண்டுகள் வாழவிட்டால் கணிசமான கோழிகளுக்குச் சினைப்பையில் தானாகவே புற்று வருகிறது. மனிதரைப் போல இந்த நோய் இயல்பாக வரும் உயிரினங்கள் வெகு சிலவே. அதனால்தான் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் எலியோடு நிற்காமல் கோழியிடமும் போனார்கள். மரபணுக் குறைபாட்டால் முட்டை அதிகம் இடாத கோழிகளுக்கு இந்தப் புற்று குறைவாக வருவதை அவர்கள் கண்டார்கள். கருத்தடை மருந்துகளில் இருக்கும் ஹார்மோன்களைக் கொடுத்த கோழிகளிலும் அது குறைந்தது.

அந்தப் பண்ணைகள் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் கொல்லிமலை நிற்கிறது. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, அதைத் தாண்டிச் செம்மேடு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளில் இன்று மரவள்ளியும் மிளகும் காப்பியும் நிற்கின்றன. பயிர் மாறியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் பெண்களின் உடலுக்குள் நடந்த மாற்றத்தைப் பற்றி எழுதியவர் குறைவு. ஐந்தாறு பெற்று, ஒவ்வொன்றுக்கும் நெடுநாள் பால் கொடுத்த பாட்டியும், இரண்டு பெற்றதும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பேத்தியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தலைமுறை இது. சினைப்பைப் புற்றுநோய்க்கும் பெண் ஹார்மோன்களுக்கும் என்ன உறவு என்ற கேள்வி, இந்த இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

நோயின் அளவை முதலில் சொல்லிவிடலாம். உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பான குளோபோகானின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 47,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது. சுமார் 33,000 பேர் இதனால் இறந்தார்கள். மார்பகம், கருப்பை வாய் இவற்றுக்கு அடுத்து இந்தியப் பெண்களைத் தாக்கும் மூன்றாவது புற்றுநோய் இதுதான். வருகிறவர்களின் எண்ணிக்கையும் இறப்பவர்களின் எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கியிருப்பதே நோயின் கொடுமையைச் சொல்லும்.

1971இல் எகிப்து நாட்டு மருத்துவர் மஹ்மூத் ஃபத்தல்லா லான்செட் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மாதாமாதம் முட்டை முதிர்ந்து வெளியேறும்போது சினைப்பையின் மேல்தோல் கிழிகிறது, பிறகு ஆறுகிறது, ஆறும்போது செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, பெருகும்போது பிழை நேர்கிறது. ஓய்வில்லாமல் இது நடந்துகொண்டே இருப்பதுதான் புற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்றார். கருவுற்றிருக்கும்போதும், முழுமையாகப் பால் கொடுக்கும்போதும் முட்டை வெளியேறுவது நிற்கிறது. அப்படியானால் பிள்ளை பெற்றவளுக்கு நோய் குறைய வேண்டும். அப்படியேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினாலு வயதில் பூப்பெய்தி நாற்பத்தாறில் மாதவிலக்கு நிற்கும் பெண்ணுக்கு இடையில் 32 ஆண்டுகள். பிள்ளையே இல்லையென்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று சுழற்சி வீதம் சுமார் 416 முறை முட்டை வெளியேறும். ஆறு பிள்ளை பெற்று, ஒவ்வொரு பேறுகாலத்தோடும் பால் கொடுத்த காலத்தையும் சேர்த்து இருபத்தேழு மாதம் விலக்கு நின்றிருந்தால், பதின்மூன்றரை ஆண்டுகள் கழிந்துபோகும். மிஞ்சுவது சுமார் 240. இரண்டே பிள்ளை, பால் கொடுக்கும்போது ஆறு மாதத்திலேயே விலக்கு திரும்பிவிட்டது என்றால் சுமார் 380. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் 140 சுழற்சிகள். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டோகன் இனப் பெண்களை ஆராய்ந்த பெவர்லி ஸ்ட்ராஸ்மன், அவர்களுக்கு வாழ்நாளில் சுமார் நூறு மாதவிலக்குகளே வருகின்றன என்று 1997இல் எழுதினார். இன்றைய நகரத்துப் பெண்ணுக்கு வருவதில் அது நாலில் ஒரு பங்கு.

இது அழகான விளக்கம்தான். ஆனால் இது மட்டும் போதாது. முட்டை வெளியேறும் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்றால், ஒரு பேறுகாலம் தடுப்பது பத்துச் சுழற்சிகளைத்தான். அந்தப் பத்துக்கு உரிய பலனைவிடக் கூடுதலான பாதுகாப்பு ஒவ்வொரு பேறுகாலத்திலும் கிடைக்கிறது. சிறு வயதில் பூப்பெய்துவதும், தாமதமாக விலக்கு நிற்பதும் சுழற்சிகளை ஏராளமாகக் கூட்டுகின்றன. ஆனால் அவற்றால் நோய் கூடும் அளவு எதிர்பார்த்ததைவிடச் சிறியது. அப்படியானால் எண்ணிக்கைக்கு அப்பால் வேறொன்று வேலை செய்கிறது.

அந்த வேறொன்றைத் தேடியவர்கள் மூளையடிச் சுரப்பியின் ஹார்மோன்களைச் சந்தேகித்தார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பையைத் தூண்டும் அந்த ஹார்மோன்கள் பல மடங்கு ஏறுகின்றன. நோயும் அந்த வயதில்தான் ஏறுகிறது. ஆனால் விலக்கு நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தால் அந்தத் தூண்டும் ஹார்மோன்கள் இறங்குகின்றன. நோயோ இறங்கவில்லை, ஏறுகிறது. இந்தக் கருதுகோள் அங்கே இடறி விழுந்தது. 1998இல் ஹார்வி ரிஷ் வேறொரு வழியைக் காட்டினார். ஆண்ட்ரோஜன் கூடுவதும் புரோஜெஸ்டிரோன் குறைவதும்தான் நோயை வளர்க்கின்றன என்றார். ஆண்ட்ரோஜனைப் பற்றி அவர் சொன்னது இன்னும் உறுதியாகவில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்லப்படும் பெண்களுக்கு ஆண்ட்ரோஜன் கூடுதல்தான். ஆனாலும் அவர்களுக்குச் சினைப்பைப் புற்று தெளிவாகக் கூடவில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது கருப்பையின் உள்சவ்வைத்தான். ஸ்கேனில் நீர்க்கட்டி என்று கேட்டதும் புற்றுநோய் என்று பயந்து உறக்கம் இழக்கும் இளம்பெண்கள் நம் ஊர்களில் மிகப் பலர். அவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புரோஜெஸ்டிரோனைப் பற்றி ரிஷ் சொன்ன பாதி மட்டும் நாளுக்கு நாள் வலுத்து வருகிறது. கருவுற்ற பெண்ணின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் உச்சத்தில் இருக்கிறது, புரோஜெஸ்டிரோனும் உச்சத்தில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் தன்னளவில் நஞ்சு என்றால் பிள்ளை பெற்றவர்களுக்கு நோய் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை, குறைந்தது. ரிஷ் எழுதிய அதே 1998இல் குரங்குகளில் செய்த ஆய்வில், புரோஜெஸ்டின் கொடுத்தபோது சினைப்பை மேல்தோலில் செல்கள் தாமாக மடிவது பெருகியது தெரியவந்தது. பழுதான செல்களை அது கழித்துக்கட்டுகிறது என்று பலர் கருதுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் செல்லை வளரச் சொல்கிறது. எந்தச் செல் வளரக் கூடாது என்று சொல்வது புரோஜெஸ்டிரோன். ஈஸ்ட்ரோஜனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சு பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

மனிதரில் கிடைத்த மிகப் பெரிய சான்று கருத்தடை மாத்திரையிலிருந்து வந்தது. 21 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளை, நோய் வந்த 23,257 பெண்களின் தரவுகளோடு ஒன்றாகச் சேர்த்து 2008இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்ட ஒவ்வொரு ஐந்து ஆண்டுக்கும் நோய் வரும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பதினைந்து ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்குப் பாதியாகக் குறைந்தது. நிறுத்தி முப்பது ஆண்டுகள் கழித்தும் பலன் முழுதாக மறையவில்லை. அதுவரை உலகில் சுமார் இரண்டு லட்சம் பேரை இந்த நோயிலிருந்து அது காத்திருக்கும் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. கர்ப்பத்தைத் தடுக்க உருவான ஒரு மருந்து, யாரும் எண்ணாத இன்னொரு நோயை இவ்வளவு தடுத்தது மருத்துவ வரலாற்றில் அரிய செய்தி.

விலக்கு நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோனின் கதை நேர்மாறானது. அதே ஆய்வுக் கூட்டமைப்பு 2015இல் 52 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஐந்து ஆண்டுக்குக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது அளவு கூடியிருந்தது. கேட்கப் பயமாக இருக்கும். ஐம்பது வயதை ஒட்டித் தொடங்கி ஐந்து ஆண்டு எடுக்கும் ஆயிரம் பெண்களில் கூடுதலாக ஒருவருக்கு இந்த நோய் வரும் என்பதே அதன் பொருள். அமெரிக்காவில் நடந்த பெரிய மகளிர் நல ஆய்வின் இருபதாண்டுத் தொடர்ச்சி 2024இல் வெளியானபோது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் இரட்டித்திருந்தது. புரோஜெஸ்டின் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. 2015இன் தொகுப்பு இரண்டு வகைக்கும் ஒரே அளவு என்று சொன்னது. இந்த முரண் இன்னும் தீரவில்லை. ஆனால் கொல்லிமலையில் விலக்கு நின்ற பெண் ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது அரிது. மேற்கில் மூன்று தலைமுறையாக நடக்கும் இந்த விவாதம் அவளைத் தொடவேயில்லை.

நோய் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சினைப்பைப் புற்று என்ற ஒரே பெயருக்குள் ஐந்தாறு நோய்கள் இருக்கின்றன. கருப்பையின் உள்சவ்வு இடம் மாறி வளரும் எண்டோமெட்ரியோசிஸிலிருந்து கிளைக்கும் இரண்டு வகைகள் ஹார்மோனோடு நெருங்கியவை. பிள்ளை பெறுவதும் மாத்திரை சாப்பிடுவதும் அவற்றை நன்றாகத் தடுக்கின்றன. கிரானுலோசா செல் கட்டி தானே ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. விலக்கு நின்ற பாட்டிக்கு மீண்டும் உதிரம் படுவதுதான் பல நேரம் அதன் முதல் அடையாளம். மெதுவாக வளரும் சீரஸ் வகைக்கு லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் எதிர்ப்பு மருந்தே பயன்படுகிறது. மிகக் கொடியதும், பத்தில் ஏழு பேருக்கு வருவதுமான வேகமான சீரஸ் வகை பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் விளிம்பில், விரல்கள் போல் விரிந்திருக்கும் நுனியில் தொடங்கிச் சினைப்பைக்குத் தாவுகிறது. பரம்பரைக் குறைபாடு உள்ள பெண்களிடமிருந்து முன்தடுப்பாக எடுத்த குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 2001 முதல் இதைக் கண்டு சொன்னார்கள். மாதாமாதம் முட்டையோடு வெளியேறும் நீரில் அந்த விளிம்புதான் நனைகிறது. ஃபத்தல்லா சொன்ன காயம் வேறு இடத்தில் இருந்தது. அவர் சொன்ன மாதக் கணக்கு பொய்க்கவில்லை.

இங்கேதான் தமிழ்நாடு வருகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பெரும்பாலும் முப்பதுக்கு முன்பே. மாத்திரை சாப்பிடுபவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மாலா-என் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைத்தும் நிலைமை இதுதான். மேற்கத்தியப் பெண்ணுக்கு மாத்திரை தந்த பாதுகாப்பு நம் பெண்ணுக்கு இல்லை. பாட்டிக்குப் பிள்ளைப்பேறு தந்த பாதுகாப்பும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

2016இல் அரசுத் திட்டத்தில் சேர்ந்த சாயா மாத்திரையை மாலா-என்னுக்குச் சமமாக எண்ணிவிடக் கூடாது. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அது ஹார்மோன் அல்ல. முட்டை வெளியேறுவதை அது பொதுவாக நிறுத்துவதும் இல்லை. அந்தரா ஊசி வேறு வகை. புரோஜெஸ்டின் ஊசி அது. தாய்லாந்தில் அதே மருந்தை எடுத்த பெண்களுக்கு இந்த நோய் குறைவாக இருந்ததாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. புற்றுநோயைத் தடுக்கவென்றே எல்லாரும் மாத்திரை சாப்பிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. ரத்தக் கட்டு, உயர் ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஆபத்து. கருத்தடைக்காக மாத்திரையைத் தேர்ந்தெடுப்பவளுக்கு இந்தப் பலனையும் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே.

குழந்தைத் திருமணம் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லிமலையில் அது முற்றாக ஒழியவில்லை. சிறு வயதில், பல முறை பிள்ளை பெறுவது இந்த ஒரு நோயைக் குறைக்கிறது என்ற புள்ளிவிவரத்தை யாராவது அந்தப் பழக்கத்துக்கு ஆதரவாகக் காட்டினால், பேறுகால மரணங்களையும் பதினாறு வயதுத் தாயின் ரத்தசோகையையும் அவர்கள் முன்னால் வைக்க வேண்டும். ஒரு நோய் குறைய ஒரு சிறுமியின் வாழ்வு விலையாக முடியாது. கருமுட்டைக்காகச் சிறுமியின் உடலுக்குள் ஹார்மோன் ஊசிகளைச் செலுத்துவதும் அதே வகைக் கொடுமை. 2022இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியிடமிருந்து பலமுறை முட்டை எடுத்த வழக்கு மாநிலத்தையே உலுக்கியது. கருத்தரிப்புச் சிகிச்சைக்கான ஊசிகளால் சினைப்பைப் புற்று கூடுகிறதா என்று டென்மார்க்கில் 54,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் கூடியதாக நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. ஆனால் ஈரோட்டில் நடந்தது சிகிச்சை அல்ல, சுரண்டல். முட்டை தருபவருக்கு 23 வயது ஆகியிருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

நம் பெண்கள் பெருவாரியாகச் செய்துகொள்ளும் அந்த ஆபரேஷனிலேயே ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. குழாயை முடிச்சிட்டு ஒரு துண்டை வெட்டும் வழக்கமான முறையே நோயை ஓரளவு குறைக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் வழி வரும் வகைகள் பாதியாகின்றன; கொடிய சீரஸ் வகை ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைகிறது. காரணம் எளிது: குழாயின் நுனி உடலிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு குழாய்களையும் முழுதாக எடுத்துவிட்டால்? ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளில் அப்படி எடுத்தவர்களுக்கு நோய் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010இலேயே இதை வழக்கமாக்கினார்கள். அங்கு குழாய் எடுத்த சுமார் 25,000 பெண்களில் சீரஸ் புற்று ஐந்து பேருக்காவது வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். சினைப்பை அப்படியே இருப்பதால் ஹார்மோன் சுரப்பதும் தொடர்கிறது.

தடைகளும் உண்டு. நம்மிடம் இந்த ஆபரேஷன் பெரும்பாலும் பிள்ளை பெற்ற சில நாளில் நடக்கிறது. அப்போது குழாயைச் சுற்றி ரத்த நாளங்கள் பருத்திருக்கும், ரத்தப்போக்கு நேரலாம். கூடுதல் நேரமும் தேர்ந்த கையும் வேண்டும். சினைப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடவும் கூடாது. எல்லாவற்றையும்விடக் கனமான தடை வேறு. 2004 ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு வெட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் ஆபரேஷனுக்குத் தமிழ்நாடு அரசு உதவியது. குழாயே இல்லையென்றால் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் இளம்பெண்ணிடம் இதை எடுத்துச் சொல்லி, யோசிக்க நாள் கொடுத்து, அவள் வாயால் கேட்ட சம்மதத்தோடுதான் செய்ய வேண்டும். முகாம் நெரிசலில் செய்யும் காரியம் அல்ல. ஆனால் வேறு காரணத்துக்காக நாற்பது வயதுக்கு மேல் கர்ப்பப்பையை எடுக்கும் பெண்ணுக்குக் குழாய்களைச் சேர்த்து எடுப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. கர்ப்பப்பை எடுத்தாச்சு, இனிப் புற்று வராது என்று நம்பும் பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். சினைப்பை உள்ளே இருக்கும்வரை அந்த நம்பிக்கை சரியல்ல. அதற்காக விலக்கு நிற்காத பெண்ணின் நல்ல சினைப்பைகளையும் சேர்த்து அகற்றினால், இளம் வயதிலேயே ஈஸ்ட்ரோஜன் அற்றுப்போய் எலும்பும் இதயமும் பழுதாகும்.

இதற்கு விதிவிலக்கு, பரம்பரையாக பி.ஆர்.சி.ஏ. மரபணுக் குறைபாடு உள்ளவர்கள். இந்தியாவில் இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இது இருக்கிறது. அம்மாவுக்கோ அத்தைக்கோ சித்திக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அத்தையை விட்டுவிடாதீர்கள், அப்பா வழியிலும் இது வரும்.

கருப்பை வாய்ப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களே உலகுக்குக் காட்டின. அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையால் அந்த நோயின் இறப்பு 35 சதவீதம் குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு நிறுவியது. சினைப்பைப் புற்றுக்கு அப்படியொரு சோதனை இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஆண்டுதோறும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்து பார்த்தார்கள். இறப்பு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணிடம் இந்தப் பரிசோதனைகளைத் தொகுப்பாக விற்பது பணத்தையும் நிம்மதியையும் பறிப்பது.

தொந்தரவு இருப்பவளின் நிலை வேறு. வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி ஒன்றுக்குப் போவது. கடையில் வாயு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதங்களை ஓட்டுவதுதான் எங்கும் நடக்கிறது. புடவை கட்டும் இடுப்பு பெருத்துக்கொண்டே போய், வயிற்றில் நீர் கோத்த பிறகு மலையிறங்குகிறார்கள். முதல் கட்டத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். முற்றிய பிறகு மூன்று பேருக்கு மேல் தாண்டுவது கடினம். கட்டி இருப்பது தெரிந்தால், இந்த நோய்க்கு ஆபரேஷன் செய்து பழகிய மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். அவசரத்தில் யாரோ கட்டியை உடைத்து எடுத்துவிட்டால் உள்ளே இருந்த நோய் வயிறெங்கும் சிதறிவிடும்.

மலை மேல் வீடு வீடாகப் போகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்களும் கிராமச் செவிலியர்களும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நாற்பது தாண்டிய பெண்ணிடம் அவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: வயிறு உப்புசமும் பசியின்மையும் தொடர்ந்து இருக்கிறதா, விலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டதா? உப்புசமும் பசியின்மையும் மூன்று வாரத்துக்கு மேல் இருப்பதாகச் சொல்பவளை, உதிரம் பட்டவள் என்றால் ஒரே நாள்கூடத் தாமதிக்காமல், 2022இல் நாமக்கல்லில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஸ்கேனுக்கு அனுப்புங்கள். இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் வீட்டில் இருக்கும் அம்மாவிடமும் அத்தையிடமும் இன்றே அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.